ஏழாம் வீட்டில் நின்ற பலகை

ஜப்பானில், காமகுராவின் அந்தச் சந்தில் பத்தொன்பது வீடுகள். தெருச் சங்கத்தின் கையடக்க அறிவிப்புப் பலகை முதல் வீட்டில் கிளம்பி, வீட்டுக்கு வீடு கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை வாங்கிக்கொண்டு வரிசையாகப் போகும். புயல் வந்தாலும் வரிசை மாறாது.

இந்த முறை அது ஏழாம் வீட்டில், ஹிசானோவிடம், பதினோரு நாளாகக் கிடக்கிறது. அதில் செருகியிருந்த தாள் அப்படி: 'அணில் தொல்லை காரணமாகப் பழ மரங்களை மாத இறுதிக்குள் வெட்டவும். மறுப்பில்லாதோர் முத்திரையிடவும்.' சந்தில் இருப்பது ஒரே பழ மரம், ஹிசானோவின் பெர்சிமன்.

அணில்கள் அயோக்கியர்கள் என்பதில் அவளுக்கும் சந்தேகமில்லை. முதுகில் கோடுகூட இல்லாத, பூனைக்குட்டி அளவுத் தடியன்கள். பழத்தை ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தை அவள் தலையில் போடுவார்கள். நகராட்சிக் கூண்டை இரவல் வாங்கி நான்கு பேரைப் பிடித்தும் கொடுத்தாள். ஆனால் மரம் யாரையும் கடிக்கவில்லையே.

பன்னிரண்டாம் நாள் சங்கத் தலைவர் நெமோட்டோ வாசலில் வந்து நின்றார்.

"பலகை இன்னும் அடுத்த வீட்டுக்குப் போகலையே, ஹிசானோ சான்."

"போகல."

"முத்திரை சும்மா ஒரு வழக்கத்துக்குத்தானே."

"மரத்தையும் சும்மா வழக்கத்துக்குத்தான் வெட்டுவீங்களா, தலைவரே?"

"அணில் எங்க போன் கம்பிய மூணு தடவை கடிச்சிருச்சு."

"போன மாசம் உங்க வீட்டம்மா அதுங்களுக்கு வேர்க்கடலை போட்டாங்க. கையிலேர்ந்தே வாங்கித் தின்னுச்சு. அவங்களுக்கும் மாசக் கடைசிதான் கெடுவா?"

நெமோட்டோ இருமினார். "குட்டியாச்சேன்னு போட்டா."

"அந்தக் குட்டிதான் இப்ப கம்பி திங்குது."

பலகையைப் பிடுங்கிக்கொண்டு எட்டாம் வீட்டுக்கு அவரே நடந்திருக்கலாம். இருபது அடி தூரம். ஆனால் ஏழாம் வீட்டு முத்திரை இல்லாத பலகையை எட்டாம் வீட்டுக்காரர் தொடவே மாட்டார். எட்டாம் வீட்டுக்காரர் அவர்தான்.

"சரி, என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"வெட்டவும்கறத அடிங்க. 'பழத்தைக் காலத்துல பறிக்கவும், அணிலுக்குத் தீனி போடக் கூடாது'ன்னு எழுதுங்க. அடிச்ச இடத்துல உங்க முத்திரை."

"முத்திரை வீட்டுல இருக்கு."

"போய் எடுத்துட்டு வாங்க. நாங்க ரெண்டு பேரும் இங்கயேதான் நிப்போம்."

அவர் இரண்டாமவரை நிமிர்ந்து பார்த்தார். கிளை நிறையப் பழம். பிறகு வீட்டுக்குப் போய் முத்திரையோடு வந்தார். அடித்தார், எழுதினார், குத்தினார்.

மை காயும்வரை ஹிசானோ பலகையைக் கொடுக்கவில்லை.