முதுகைத் திருப்பிக் கேட்டார்கள்

எங்கள் கடையில் வயலின் வாங்க வருகிறவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். இது என் மாமியார் போட்ட சட்டம். பளபளப்பையும் விலைச்சீட்டையும் பார்த்தால் காது கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. வருகிறவர் சுவரைப் பார்த்து நிற்பார். எங்கள் வீட்டு ஆள் ஒருவர் பின்னாலிருந்து மூன்று வயலினை மாற்றி மாற்றி வாசிப்பார். எது பிடிக்கிறதோ அதைக் கட்டிக் கொடுப்போம்.

வாசிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. மாமனார் வயலின், மாமியார் செல்லோ, என் மனைவி வியோலா, மச்சான் டபுள் பேஸ். நானும் வயலின்காரன்தான். வயலின் வில்லுக்கு ரோமம் மாற்ற வந்தவன், போகிற போக்கில் பெண்ணையும் கேட்டுவிட்டான் என்று மச்சான் இன்றுவரை ஓட்டுவான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையைச் சாத்தும்போது ஷட்டர் என் இடது கையில் விழுந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் அதற்கப்புறம் மடங்கவேயில்லை. அன்றிலிருந்து மாமனார் அந்த ஷட்டரை வேறு யாரையும் தொட விட்டதில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரே தூக்குவார், அவரே இறக்குவார்.

எனக்குப் பின்னறையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். தந்தி மாற்றுவது, பிளந்த மரத்துக்குப் பசை போடுவது, தூசி தட்டுவது என் வேலை. அதன் பிறகு நான் யார் முன்னாலும் வாசித்ததில்லை. வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். மாப்பிள்ளை முறுக்கு என்பார்களே, அது எனக்குக் கொஞ்சம் தூக்கல்தான். இரக்கப்பட்டுச் சோறு போடுகிறார்கள் என்று மண்டைக்குள் ஏறிவிட்டது, இறங்கவில்லை.

ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை கேட்டேன். கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

“உங்க இஷ்டம்,” என்றாள். அதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நால்வரும் ஒரு கல்லூரி விழாவில் வாசிக்கப் போயிருந்தார்கள். கடையில் நான் மட்டும். மத்தியானம் பல் டாக்டரம்மா வந்தார். நாற்பது வயதுக்கு மேல் வயலின் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவர். போன மாதம் வாங்கிய வயலினைப் பெட்டியோடு மேஜைமேல் வைத்தார்.

“கடையில கேட்ட சத்தம் வீட்டுல வரலைங்க. என் கையில பல்லு புடுங்கற சத்தம்தான் வருது.”

இது எங்களுக்குப் பழகிய புகார். இப்படித் திரும்பி வந்த வயலின்கள் பின்னறை அலமாரியில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் மாமனார் வாசித்துப் பார்ப்பார். தேனாக ஒழுகும். “இதுல என்ன குறை?” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அலமாரியில் வைப்பார்.

“வாசிக்கிறவங்க யாரும் இல்லை, டாக்டர். நாளைக்கு வாங்களேன்.”

“நாளைக்கு முழுக்கப் பல்லுதான். நீங்க வாசிங்க.”

“எனக்கு வராது.”

டாக்டர் என் தாடையை உற்றுப் பார்த்தார். ஊரார் முகம் பார்த்துப் பேசுவார்கள், இவர் தாடை பார்த்துப் பேசுகிறவர்.

“இடது தாடைக்குக் கீழ தழும்பு இருக்கே. வயலின் வெச்சு வெச்சு வந்த தழும்பு. உங்க மாமனாருக்கும் அதே எடத்துல இருக்கு. யார்கிட்ட கதை விடறீங்க?”

இடது கையை நீட்டினேன். விரல்களைப் பிடித்து அழுத்திப் பார்த்தார்.

“ரெண்டு விரல் நல்லாத்தானே இருக்கு? எனக்கு எல்லா விரலும் இருந்தும் ஒண்ணும் வரல.”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லிவிடலாம். முதுகிடம் எப்படிச் சொல்வது?

முதலில் அவர் கொண்டுவந்ததையே எடுத்தேன். மாமனார் கையில் தேனாக ஒழுகியது, என் கையில் எண்ணெய் காணாத கதவாகக் கிறீச்சிட்டது. இரண்டாவது மூக்கடைத்துக்கொண்டு பேசியது. மூன்றாவது ஒரு சாதாரண பழுப்பு வயலின், எங்கள் வீட்டில் யாரும் மதிக்காதது. ஆரம்பப் பாடத்து மெட்டு ஒன்றைத்தான் வாசித்தேன். விரல் தடுமாறியது. ஆனாலும் அந்த வயலின் சொன்ன பேச்சைக் கேட்டது.

“இதுதான்,” என்றார் டாக்டர், திரும்பாமலே. அப்புறம் திரும்பினார். “உங்க மாமனார் வாசிச்சா ஜன்னல் கட்டைகூடப் பாடும். நான் அவர் கையைத்தான் வாங்கிட்டுப் போயிருக்கேன். வீட்டுல பெட்டியைத் திறந்தா கையைக் காணோம்.”

“என் வாசிப்பு அவ்வளவு மோசமா?”

“என்னைவிடக் கொஞ்சம் பரவாயில்லை.”

கோபம் வரும் என்று பார்த்தேன். சிரிப்பு வந்தது. இரண்டு வருஷமாக வராத சிரிப்பு, நிற்க நேரமானது.

வெயில் தாழ்வதற்குள் நால்வரும் வந்துவிட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாமியார் சிரிக்கவில்லை. பின்னறைக்குப் போய் அலமாரியைப் பார்த்தபடி நின்றார். பிறகு அதிலிருந்த வயலின்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார்.

“பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதையா, இத்தனை நாளா நம்ம கையே குறையையெல்லாம் மறைச்சிருக்கு,” என்றார். “எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்புங்க. மாப்பிள்ளை, நீங்க வாசிங்க.”

“வேண்டாம் அத்தை.”

“இரக்கப்பட்டுச் சொல்லல மாப்பிள்ளை. கடைக்கு வேணும்.”

இரண்டு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நால்வரும் திரும்பி நின்றார்கள். இடுப்பில் கை வைத்த மாமனார் முதுகு, கச்சேரிக் கோட்டில் பிதுங்கிய மச்சான் முதுகு, ஆணி அடித்தது போல மாமியார் முதுகு, பின்னல் அவிழ்ந்த என் மனைவியின் முதுகு. அதற்கு மேல் எனக்குக் கண் தெரியவில்லை. ஊரே மெச்சும் கைகள் எல்லாம் சும்மா தொங்கிக்கொண்டிருக்க, என் உடைந்த கையைக் கேட்க நான்கு பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். நல்ல வீட்டில்தான் வந்து விழுந்திருக்கிறேன் என்று நினைத்தேன், நினைத்தபடியே வாசித்தேன்.

“இதோட குதிரை உசரமா இருக்கு,” என்றார் மாமனார். தந்தியைத் தாங்குகிற கட்டையைத்தான் குதிரை என்போம். “இதையா குறையில்லைன்னு சொன்னேன்?” தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்ததை எடுத்தேன். மனைவி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“கிடங்குக்கு என்ன பதில் சொன்னீங்க?”

மற்ற மூன்று முதுகும் சட்டென்று விறைத்தன. எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் எந்த ரகசியம் தங்கியது, இது தங்க?

“இன்னும் சொல்லல,” என்றேன். “வரலைன்னு சொல்லிடறேன்.”

யாரும் திரும்பவில்லை. மச்சான் மட்டும் மூக்கை உறிஞ்சினான். கடைசி வயலின்வரை வாசித்து முடித்தேன்.

கிடங்குக்கு போன் பண்ணிவிட்டு வெளியே வந்தபோது மாமனார் ஷட்டரை இறக்கக் கையைத் தூக்கியிருந்தார்.

“நான் இறக்கறேன், மாமா.”

என் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார். நான் பிடித்து இழுத்தபோது, குழந்தை நடப்பதைப் பார்க்கிறவர் போலக் கூடவே குனிந்தார்.

“மெதுவா,” என்றார்.