ஒண்ணரை வரணும்

அந்த வகுப்பில் அத்தனை பேரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செய்முறைத் தேர்வில் மண்ணைக் கவ்வியவள், இந்த வருடம் தன்னைவிடச் சின்னதுகளோடு நின்று மறுபடி எழுதுகிறாள். அக்கா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்களாம்?

இந்த முறையும் போனால் அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுக்கும் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இயற்பியலில் தேறினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். பஸ் ஓட்டும் அப்பா, அவளுக்காக லீவு போட்டு வந்தவர், பள்ளி வாசலிலேயே சொல்லிவிட்டார். "இதாம்மா கடைசி. இல்லன்னா பேசாம அத்தை கடையில போய் உட்காரு." அத்தையின் துணிக்கடையை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டும். மடித்ததைப் பிரிக்க வேண்டும், பிரித்ததை மடிக்க வேண்டும். அத்தையின் வாயைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்.

ஆய்வகத்தில் ஜன்னல்களைச் சாத்தி சோடியம் விளக்கைப் போட்டிருந்தார்கள். அவளுக்கு விழுந்தது ஸ்பெக்ட்ரோமீட்டர். முக்கோணக் கண்ணாடிக்குள் புகுந்து வரும் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளந்து, அந்தக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைக் கணக்குப் போட வேண்டும். போன வருடம் அவளைக் கவிழ்த்ததும் இதே சனியன்தான். அளவுகோலைத் தப்பாகப் படித்து, ஒன்று புள்ளி ஒன்பது என்று வந்ததை அப்படியே எழுதி வைத்துவிட்டு வந்தாள். டியூஷன் சார் தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியமா உனக்கு? பள்ளிக்கூடத்துக் கண்ணாடி எல்லாம் ஒண்ணரைதான். கருவியில என்ன வேணா வரட்டும், பேப்பர்ல ஒண்ணரை வரணும்!"

கண்ணாடியைக் கையில் எடுத்தபோது கொஞ்சம் கனத்தது. பயத்தில் கை சோர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கருவியின் மேடையில் வைத்து மெல்லத் திருப்பினாள். தொலைநோக்கிக்குள் மஞ்சள் கோடு நகர்ந்தது, நகர்ந்து நின்றது, பிறகு வந்த வழியே திரும்பியது. அது திரும்புகிற இடம்தான் வேண்டியது. அங்கேயே திருகாணியை இறுக்கினாள். அட, எவ்வளவு அழகாக இருந்தது அந்தக் கோடு! ஒரு நிமிடம் தேர்வையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளவுகோலைப் படித்தாள். நாற்பத்தெட்டு பாகை. கணக்குப் போட்டால் ஒன்று புள்ளி ஆறு இரண்டு.

அவளுக்கு உயிரே போய்விட்டது. மறுபடி படித்தாள், மறுபடி போட்டாள். அதே ஆறு இரண்டு. பக்கத்து மேஜைப் பெண் கிசுகிசுத்தாள். "என்னக்கா இன்னும் முடிக்கலையா? ஒண்ணரை வந்துச்சுல்ல?"

"ம்... வந்துடுச்சு."

ரப்பரை எடுத்தாள். ஒன்றரையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நாற்பத்தெட்டு இருந்த இடத்தில் முப்பத்தேழு என்று எழுதினாள். எழுதி முடித்ததும்தான் மூச்சு வந்தது.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாளைப் பார்த்தார். குனிந்து தொலைநோக்கியில் பார்த்தார். மேடையை லேசாக அசைத்துப் பார்த்தார். பிறகு அளவுகோலைப் படித்தார்.

"கோட்டை நிறுத்தினது யாரும்மா?"

"நான்தான் சார்."

"இதுல நாப்பத்தெட்டு இருக்கு. நீ முப்பத்தேழுன்னு எழுதியிருக்கியே?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "விடை தப்பா வந்துச்சு சார். ஒண்ணு புள்ளி ஆறு ரெண்டு."

அவர் கண்ணாடியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "கனமா இல்ல? இது வேற கண்ணாடி. எல்லாரும் ஒண்ணரைன்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்து எழுதுறீங்களேன்னு ரெண்டு மேஜையில மட்டும் மாத்தி வச்சேன். இதுக்கு ஆறு ரெண்டுதான் சரி. சுத்தமா எடுத்திருக்க."

"அப்ப நான் மாத்தி எழுதிடறேன் சார்! இதோ, இப்பவே..."

"பாக்காததை எழுதினா பூஜ்யம். நான் என்னம்மா பண்ணுவேன்?"

"சார், நான் பார்த்தேன் சார்! பார்த்துட்டுத்தான் அழிச்சேன். வேணும்னா உங்க கால்ல விழறேன்!"

"அழிச்சதுக்கு எப்படிம்மா மார்க் போடுவேன்?" அவர் குரலும் கம்மியது. ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். பாவி மனுஷன், திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருக்கும்.

வாசலில் அப்பா காலையில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, கரெக்டா வந்துச்சா?"

"வந்துச்சுப்பா." கண்ணாடி இருந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "கரெக்டாத்தான் வந்துச்சு..."

மீதியைச் சொல்ல அவர் எங்கே விட்டார்! முகமெல்லாம் பல்லாக ஃபோனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டுவிட்டார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் சந்தோஷத்தில் அவள் தலையைத் தடவிக்கொண்டே கத்தினார்.

"அக்கா, கடைக்கு நீ வேற ஆளைப் பாத்துக்க!"