ஆகஸ்ட் ஏழு, மணி பத்து பத்து

விக்னேஷுக்குத் தேதிப் பைத்தியம். தறியில் உட்காருமுன் தெருமுனை டீக்கடைக் கரும்பலகையில் 'வரலாற்றில் இன்று' எழுதாவிட்டால் அவனுக்கு டீ உள்ளே இறங்காது. எந்த நாட்டு ராஜா என்றைக்குச் செத்தான் என்று கேளுங்கள், டக்கென்று சொல்வான். மளிகைக்கு அனுப்பினால் மட்டும் பாதிச் சாமானை மறந்துவிட்டு வந்து நிற்பான்.

அவன் மனைவி லாவண்யா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த காலம் உண்டு. ஒரு வருஷமாக அந்தச் சிரிப்பு இல்லை. போன ஆகஸ்ட் ஏழாம் தேதி, காலை பத்து பத்துக்கு, அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூச்சில்லாமல் பிறந்தது.

அந்தத் தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை ஒரு தறியும் ஓடாது. அன்றைக்கு எல்லாத் தறிகளும் ஓடின. "மூச்சு வுடாத கொழந்தைக்குத் தறிய நிறுத்தற வழக்கம் இல்லப்பா" என்று எதிர்வீட்டுப் பெரியவர் துரைக்கண்ணு சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் கிடந்த லாவண்யாவுக்கு அது பிறகுதான் தெரிந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அந்த நாளைப் பற்றி விக்னேஷ் இன்றுவரை வாயே திறக்காததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இன்று அதே தேதி. பால் வாங்கும் சாக்கில் போய்ப் பலகையைப் பார்த்தாள். 1905, கல்கத்தாவில் சுதேசி இயக்கம். 1960, ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் விடுதலை. 2021, ஒலிம்பிக் ஈட்டி எறிதலில் தங்கம். கீழே கொட்டை எழுத்தில் தேசியக் கைத்தறி நாள் வாழ்த்து. ஆரணியில் ஒருத்தரும் பார்த்திராத ஐவரி கோஸ்ட்டுக்கு இடம் இருந்தது. அவள் பெற்ற பிள்ளைக்கு இல்லை.

அடுப்படியில் வேலையாக இருந்தபோது அவன் தறிச் சத்தம் சட்டென்று நின்றது. இழை அறுந்திருக்கும் என்று நினைத்தாள். முடிச்சுப் போடும் நேரம் கடந்தும் தறி ஓடவில்லை. எட்டிப் பார்த்தால், தறிக் குழியில் கால் விட்டபடி, ஊடிழை ஓட்டும் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"இழ அந்துபோச்சாங்க?"

"இல்ல. மணி பத்து பத்து."

எதிர்வீட்டுத் தறியும் நின்றது. தீபாவளி ஆர்டருக்காக ஓய்வில்லாமல் ஓடுகிற துரைக்கண்ணுவின் தறி. லாவண்யா வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து அவராண்ட போய்க் கேட்டேன்" என்றான் விக்னேஷ். "கையில இருந்த நாடாவக் கீழ வெச்சாரு. அப்புறம், 'போன வருஷமே நிறுத்தியிருக்கணும்பா'ன்னாரு."

லாவண்யா தறியருகே வந்தாள். அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். "அப்போ போர்டுல ஏன் எழுதல? ஐவரி கோஸ்ட்ட மட்டும் எழுதத் தெரியுது."

"எழுதத்தான் போனேன். இன்னான்னு எழுதறது? பேரே வெக்கலியே நாம."

லாவண்யா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் வெச்சிட்டேன். ஆறாம் மாசமே."

"இன்னா பேரு?"

"ஆதிரை."

அவன் அதை இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து அவள் கையில் வைத்தான். இருவரும் தெருமுனைக்கு நடந்தார்கள். அவர்கள் எழுதிவிட்டுத் திரும்பும்வரை துரைக்கண்ணுவின் தறி ஓடவில்லை.