பன்னிரண்டாம் வளைவில் ஒரு பாய்மரப் படகு

கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி, மலை உச்சியில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற மனிதருக்குப் பாய்மரப் படகு எதற்கு? யாராவது கேட்டால் சொல்வதற்கு அர்த்தனாரி ஒரு பதில் வைத்திருந்தார். "உடம்புக்கு நல்லதுங்க." கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. புத்தி கலங்கியவர்களிடம் தேவனூர் நாட்டில் யாரும் வாதாடுவதில்லை. உட்காரவைத்துக் கொஞ்சம் தேன் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

உண்மையான காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் மாமனார் காரியத்துக்காக ராமேஸ்வரம் போயிருந்தபோது, அவர் மனைவி பொன்னாயி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, தூரத்தில் நகத்துணுக்குப் போலத் தெரிந்த ஒரு வெள்ளைப் பாயைக் காட்டினாள். "ஏனுங்க, அதுல உக்காந்து பாத்தா நம்ம எப்படித் தெரிவோம்?" இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அடுப்புக்கும் மாட்டுக்கும் சம்பந்தமில்லாமல் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அர்த்தனாரி நன்றாக யோசித்து, "டீ குடிக்கிறயா?" என்றார்.

அந்த டீ அவர் நெஞ்சில் நாலு வருஷமாக ஆறவேயில்லை.

போனில் படகு வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தார். மிளகுக்கொடி கட்டும் நேரத்தில்கூட மரத்தில் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்தார். ஒருநாள் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய பாய்மரப் படகு, இருபது அடி, பைபர், சொந்த டிரெய்லரோடு. ஜீப்பில் மாட்டி இழுத்துப் போகலாம், கரையோரமாகவே ஊர் ஊராகப் போகலாம். இதில் அவரைக் கவிழ்த்தது 'கரையோரம்' என்ற சொல்தான். அவருக்கு நீச்சல் தெரியாது.

படகின் சொந்தக்காரர் அருள்மொழி புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருந்தார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் போய்விட்டதால் விற்கிறார். அர்த்தனாரிக்குப் படகு வாங்கத் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த ஒரே முறையில் பார்த்தார். படகைச் சுற்றி மெதுவாக நடந்து, காதைச் சாய்த்து, விரல் முட்டியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். பின்பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் 'டொப்' என்றது.

"இங்க மட்டும் பழுத்திருக்குதுங்க" என்றார்.

அருள்மொழியின் முகம் வெளுத்துவிட்டது. "சார், நீங்க படகு சோதிக்கற சர்வேயரா?"

"இல்லீங்க. எங்க ஊர்ல பலா நெறைய, தட்டித்தான் பாப்போம்."

அருள்மொழிக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்கவும் பயமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் ஒரு கல்லில் உரசியதையும், உள்ளே பைபர் விட்டுப்போயிருக்கலாம் என்பதையும் தானாகவே ஒப்புக்கொண்டார். விலையைக் குறைத்தார், அந்த இடத்தை அறுத்துப் புதிதாகப் பைபர் போட்டுக் கொடுத்தார். ஒரு மாசம் பக்கத்து ஆற்றில் படகு ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு மாசத்தில் அர்த்தனாரி தண்ணீரில் விழுந்தது ஐந்தே முறை. அதில் இரண்டு முறை படகு நின்ற இடத்திலேயே நின்றது, அவர் மட்டும்தான் விழுந்தார்.

எல்லாம் முடிந்து, "ஒரு வாரம் கரையோரமாப் போயிட்டு வரலாம், வாரயா?" என்று பொன்னாயியைப் போனில் கேட்டார். 

"அம்மனுக்குக் காட்டியாச்சுங்களா?" என்றாள் பொன்னாயி.

"இல்ல."

"காட்டாத வண்டியில நான் என்னைக்கு ஏறியிருக்கறேன்?"

அது நியாயம். அவர்கள் ஊரில் பைக்கோ ஜீப்போ டில்லரோ, எது வந்தாலும் முதலில் அம்மன் முன்னால் நிற்கவேண்டும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும். பிறகு அந்த வீட்டுப் பெண் வலது கால் வைத்து ஏறவேண்டும். அவள் ஏறுவதற்கு முன்னால் வேறு யாரும் ஏறக்கூடாது. ஓட்டிக்கொண்டு வருகிறவனுக்கு மட்டும் விலக்கு உண்டு, அவனை அம்மன் ஆளாகவே எடுத்துக்கொள்வதில்லை.

"பூசாரிய இங்க கூட்டிட்டு வந்துடுங்களேன், நான் கார் அனுப்பறேன்" என்றார் அருள்மொழி.

அவருடைய அறியாமையைப் பார்த்து அர்த்தனாரிக்குச் சிரிப்பு வந்தது. "பூசாரி வருவாருங்க. அம்மன் வராதுங்களே. நம்மதான் போகணும்."

கடலோரத்தில் இருக்கிற படகு, கடலில் இறங்குவதற்காக, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி மலைக்குப் போய்விட்டு மறுபடி கடலுக்கு வரப்போகிறது. அருள்மொழி அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரைச் சர்வேயர் இல்லை என்று நம்பினார்.

இழுத்துவர ஜீப்போடு வந்தவன் பொன்னாயியின் தம்பி தனபால். மலையடிவாரத்தில், காரவள்ளி சோதனைச்சாவடியில் காவலர் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்னங்க இது?"

"படகுங்க."

"எங்க போவுது?"

"மேல."

காவலர் மலையைப் பார்த்தார், படகைப் பார்த்தார். "மேல இருக்கற போட் ஹவுசுக்குங்களா?"

"ஆமாங்க" என்றார் அர்த்தனாரி. சில நேரம் பொய்தான் மரியாதையான பதில்.

பாய்மரத்தைப் படகின் மேல் படுக்கைவாட்டில் கட்டியிருந்தார்கள். இருபத்துநாலு அடி நீளம். முன்னால் கொஞ்சம், பின்னால் நிறைய நீட்டிக்கொண்டிருந்தது. முதல் வளைவில் நாலு தடவை முன்னும் பின்னும் போகவேண்டியிருந்தது. ஐந்தாவது வளைவில் தனபால் பேச்சை நிறுத்தினான். ஒன்பதாவதில் அர்த்தனாரியை மாமா என்று கூப்பிடுவதையும் நிறுத்தினான். பன்னிரண்டாவது வளைவில், ஜீப்பின் மூக்கு தடுப்புச் சுவரில் முட்ட, பாய்மரத்தின் வால் மலைப்பக்கத்துப் பாறை இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது. முன்னால் போக வழியில்லை, பின்னாலும் போக வழியில்லை. மேலே இன்னும் ஐம்பத்தெட்டு வளைவு இருந்தது.

தனபால் அக்காவுக்குப் போன் செய்தான். "வேறென்னக்கா, உங்க ஊட்டுக்காரரு ரோட்ட மூடிப்போட்டாரு."

ஒன்றரை மணி நேரத்தில் மேலிருந்து பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கருப்பண்ணன் இறங்கினார். பின்னாலேயே ஒவ்வொருவராக முப்பது பேர் இறங்கினார்கள். கடைசியாகக் கூடையோடு பொன்னாயி இறங்கினாள். கூடையில் பூஜைச் சாமான் ஒரு பக்கம், தூக்குப்போசியில் சோறு ஒரு பக்கம்.

ஒருத்தர் பாய்மரத்தைத் தொட்டுப் பார்த்தார். "மெளகு பறிக்கற ஏணிங்களா? இவ்வளவு ஒசரத்துக்கு நம்மகிட்ட மரமே இல்லீங்களே."

"அர்த்தனாரி, ஒரு சந்தேகம்" என்றார் கருப்பண்ணன். "மழை பெஞ்சு ஊரு முழுகப்போவுதுன்னு எதாவது சேதி வந்துதா? எங்களுக்கும் சொல்லுப்பா, கோழியெல்லாம் இருக்குது."

அர்த்தனாரியும் சேர்ந்து சிரித்தார். அவர் மட்டும் சிரிக்காமல் நின்றால் இன்னும் அசிங்கமாக இருக்கும். பொன்னாயி சிரிக்கவில்லை.  அவளை ஏற்ற வாங்கிய படகை அவள் முதன்முதலாகப் பார்க்கிற லட்சணம் இது. இனிமேல் இவள் ஏறமாட்டாள், ஜன்மத்துக்கும் ஏறமாட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

கருப்பண்ணன் வேலையில் இறங்கினார். "மேல கொண்டுபோற பேச்சே வேண்டாம். அடுத்த வளைவு இத விடச் சின்னது. கழட்டித் திருப்பிக் கீழ எறக்கணும்." பாய்மரத்தை அவிழ்த்துப் பஸ்ஸின் பின்பக்க அவசரக் கதவு வழியாக உள்ளே விட்டு நடுப்பாதையில் படுக்கவைத்தார்கள். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். பிறகு டிரெய்லரை ஜீப்பிலிருந்து கழற்றினார்கள்.

கழற்றியதும் டிரெய்லரின் முன்பக்கம் ஜிவ்வென்று வானத்தைப் பார்த்து எழும்பியது. மோட்டாரும் நங்கூரமும் தண்ணீர்க் கேனும் எல்லாவற்றையும் அர்த்தனாரி பின்னால்தான் ஏற்றியிருந்தார். ஆறு பேர் முன்பக்கத்தைப் பிடித்துத் தொங்கினார்கள். தொங்குகிறவர்களால் தள்ள முடியவில்லை, தள்ளுகிறவர்களால் தொங்க முடியவில்லை.

"படகு மூக்குல ஒரு ஆளு ஏறி உக்காந்தாப் போதும்" என்றார் கருப்பண்ணன். "ஏறுங்கப்பா யாராச்சும்."

ஒருவரும் அசையவில்லை.

"பூசை போட்டாச்சுங்களா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"இல்ல."

"ஊட்டுப் பொம்பள ஏறாம நாங்க எப்படிங்க?"

"நான் ஏறறேன்" என்று அர்த்தனாரி காலைத் தூக்கினார். "நீ சக்கரத்துக்குக் கட்டை போடுப்பா, அது உன் வேலை, உன் படகு" என்று கருப்பண்ணன் அவரை இழுத்துக் கல்லும் கட்டையுமாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அப்புறம் முப்பது பேரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

பொன்னாயி அவர்களைப் பார்க்கவில்லை. அவள் கண் படகின் விளிம்பில் இருந்தது. தொங்கிக்கொண்டிருந்த ஆறு பேரில் ஒருவர், "சீக்கிரம் முடிவு பண்ணு கண்ணு, கை வலிக்குது" என்றார்.

அர்த்தனாரி அவளிடம் போனார். "நீ ஏற வேண்டாம் பொன்னாயி. ஏறமாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். வேற வழி பாக்கலாம்." இந்தப் படகு விஷயத்தில் அவர் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அவள் கூடையை அவர் கையில் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். டிரெய்லர் சக்கரத்தில் இடது கால் வைத்து எம்பி, வலது காலைப் படகுக்குள் வைத்தாள். மூக்கில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். டிரெய்லர் அடக்கமாகத் தலை குனிந்தது.

பத்து நிமிஷத்தில் டிரெய்லரைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி ஜீப்பில் மாட்டிவிட்டார்கள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவளை இறக்க நேரமில்லை. படகில் பொன்னாயியோடு ஜீப் ஊர்ந்து ஊர்ந்து கீழே போனது. கூடையைக் கட்டிக்கொண்டு அர்த்தனாரி பக்கத்திலேயே நடந்தார். ஒவ்வொரு வளைவிலும், "கெட்டியாப் பிடிச்சுக்க" என்றார். "நான் பிடிச்சிருக்கறேன், நீங்க கல்லு பாத்து நடங்க" என்றாள் அவள்.

காரவள்ளியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். பஸ் பாய்மரத்தை இறக்கிவிட்டுப் போனது.

"எறங்கு, பொன்னாயி."

"மாட்டேனுங்க."

"என்னது?"

"இப்ப ஏறுனது ஆபத்துக்கு ஏறுனது. அதுக்கு அம்மன் ஒண்ணுஞ் சொல்லாது. எறங்கிட்டனா, மறுக்கா ஏறறதுக்குக் காட்டித்தான் ஆகணும்." அவள் படகின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "காட்டத்தான் உங்களால முடியலையே. அதனால நான் எறங்கல. இப்படியே கடலுக்கு ஓட்டச் சொல்லுங்க."

அவளை எப்படி ஏற்றுவது என்று அர்த்தனாரி ஒரு மாசமாக ராத்திரி பகலாகப் பேச்சுத் தயார் பண்ணியிருந்தார். இப்போது அத்தனையையும் தலைகீழாகத் திருப்பி, கீழே நின்று கெஞ்சினார். டிரெய்லரில் ஆள் ஏற்றக்கூடாது என்றார். போலீஸ் பிடிக்கும் என்றார். வெயில் என்றார். அவள் தூக்குப்போசியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தனபாலுக்கு வழி தெரிந்தது. "அக்கா, வண்டி வராட்டிச் சாவியக் கொண்டுபோயி அம்மன் காலடியில வெக்கறதுதானே? இதுக்கு அது மாதிரி எதுவும் இல்லியா?"

"இருக்கும்" என்றாள் பொன்னாயி. "அதுல எது இல்லாட்டி ஓடாது?"

"சுக்கான்" என்றார் அர்த்தனாரி மெதுவாக. படகைத் திருப்புகிற அந்தப் பலகையை ஒரு கையால் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு புதுச்சேரியிலிருந்தே பஸ்ஸில் வந்திருக்கலாம். "இத ஏன் நீ முந்தியே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? எனக்காக அம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வாரேன்னீங்க." அவள் குனிந்து தூக்குப்போசியைத் திறந்தாள். "வரட்டுமேன்னு இருந்துட்டேன்."

தனபால் சுக்கானையும் பூஜைக் கூடையையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலையேறினான். அவன் திரும்பிவரச் சாயங்காலம் ஆகும். அர்த்தனாரி சக்கரத்தில் கால் வைத்து, மூச்சு வாங்கி, இரண்டாவது முயற்சியில் படகுக்குள் விழுந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சோதனைச்சாவடிக் காவலர் தூரத்திலிருந்து பார்த்தார். கிட்டே வரவில்லை.

"ஓட்டறப்போ எங்க உக்காரணும்?" என்று கேட்டாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கம். இல்லாட்டிச் சாஞ்சிடும்." ஆசிரியர் தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப நம்ம ஓட்டறதா வெச்சுக்க."

பொன்னாயி பலகையில் கிடந்த காய்ந்த புளிய இலைச் சருகைக் கொஞ்சம் அள்ளி, களத்தில் சாமை தூற்றுகிற மாதிரி கையை உயர்த்தி விட்டாள். சருகு எதிரே உட்கார்ந்திருந்த அர்த்தனாரியின் முகத்தை நோக்கிப் பறந்தது.

"காத்து இந்தப் பக்கமிருந்துங்க" என்றாள். "இங்கிட்டு வாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, குறுக்கே கிடந்த கயிற்றைத் தாண்டி, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.