ஒன்பது பேருக்கும் வயிற்றுவலி

"சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லையே! என்னாச்சு உனக்கு?"

"வயித்துவலி" என்றாள் பொத்தானக்கா. துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பதால் வந்த பெயர் அது. அந்த அப்பாவிப் புருஷன் நம்பிவிட்டான். வெந்நீர் வைக்க அடுக்களைக்குள் போனான். ஒரே பொய்யை எத்தனை பேரிடம்தான் சொல்வது!

நேற்று மதியம் கம்பெனியின் கக்கூஸ் கழுவும் பெண்ணைத் தங்களோடு சாப்பிடக் கூப்பிட்டவளே இவள்தான். அந்தப் பெண்ணின் டப்பாவில் முதலில் கை வைத்தவளும் இவள்தான். ருசியாக இருந்தது. மற்றவர்களும் ஆளுக்கொரு வாய் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம்தான் துணி வெட்டும் பெரியவள் இவளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வேலை பாக்குற கைன்னு தெரியுமில்ல? இனிமே அவகூடத் தின்னா எங்க பக்கம் வராத. ஊரோட ஒத்துப் போடி!"

இன்று அந்தப் பெண் ஆசையாக டப்பாவை நீட்டினாள். பெரியவள் வயிறு சரியில்லை என்றாள். அடுத்தடுத்து ஏழு பேருக்கு வயிறு கெட்டது. பொய்க்குப் பொருத்தமாக ஒருத்தியும் தன் டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று பொத்தானக்காவுக்கு மனசு குத்தியது. ஆனாலும் ஒன்பதாவதாக வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அதே பெண். கையில் மாத்திரை அட்டை.

"இப்ப எப்படிக்கா இருக்கு? எல்லாம் என்னால வந்த வினை. நேத்து என் சாப்பாட்டத் தின்னதாலதானே? நானே போயி சூப்பர்வைசர்கிட்ட ஒத்துக்கிட்டேன். நாளையிலேர்ந்து வேலைக்கு வராதன்னுட்டாரு. ரெண்டு வருஷம் அலைஞ்சு கெடைச்ச வேலைக்கா. ஆனா அவரு சொல்றதும் நியாயந்தானே?"

வெந்நீரோடு வந்த புருஷன் முன்னாலேயே பொத்தானக்கா போட்டு உடைத்தாள்.

"எனக்கு வயித்துவலியே இல்லம்மா. யாருக்குமே இல்ல. கக்கூஸ் கழுவுறவ கையால திங்கக் கூடாதுன்னு பேசி வச்சுக்கிட்டுப் பொய் சொன்னோம். பாவி நான், நானும் சேர்ந்து சொன்னேன். காலையில நானே சூப்பர்வைசர்கிட்ட போயி உண்மையச் சொல்றேன்."

அவள் அழுவாள், இல்லை காறித் துப்புவாள் என்று காத்திருந்தாள். ரெண்டுமில்லை. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றாள் அந்தப் பெண்.

"சாப்பாட்டுல குத்தம்னா நாளைக்கு நல்லா சமைச்சிருப்பேன்க்கா. இதுக்கு நான் என்ன பண்றது?"