பூட்டறையில் இல்லாத பணம்

பிலோமி உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காயெடுக்கிறவள்; லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவள். கிராம வங்கியில் கணக்குத் தொடங்கி வருடக்கணக்காகியும் உள்ளே என்ன நடக்கிறது என்று அவள் யோசித்ததில்லை. ஒருநாள் மழைக்காக அங்கே ஒதுங்கி நின்றபோது, காசாளர் பூட்டறையின் கனத்த கதவைத் திறந்தார். உள்ளே ஒரே ஓர் இரும்புப் பெட்டகம். இத்தனை லயத்து ஆட்களின் பணமும் இதற்குள் எப்படி அடங்கும்?

அதிகாரி சதீஷிடம் போனாள். முதலமடையிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞன் அவன்.

"எங்க காசெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளயா சார் இருக்கு?"

"இல்லீங்கக்கா. அதுல கொஞ்சந்தானுங்க. மிச்சமெல்லாம் லோனாப் போயிருக்குதுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா தூக்கிக் குடுத்தீங்க?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சதீஷ் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நீங்க எப்பக் கேட்டாலும் உங்க காசு வருமுங்க, அதுக்கு பேங்க்கு பொறுப்பு. எழுபத்தஞ்சுல இந்த மாதிரி பேங்க்கெல்லாம் ஆரம்பிச்சதே இதுக்குத்தானுங்க. பெரிய பேங்க்கு எட்டிப் பாக்காத ஊர்ல சேர்ற காசு, அங்கத்த ஏழபாழைக்கே லோனாப் போகோணும்னு."

"யாருக்குப் போச்சுன்னு சொல்லுங்க. பாத்துட்டு வாரேன்."

"அதை மட்டும் சொல்லக் கூடாதுங்க."

அவன் சொல்லாவிட்டால் என்ன? அவளே விசாரிக்கத் தொடங்கினாள். கோழிக்கடைக்காரர் "ஒனக்கெதுக்கு?" என்று முறைத்தார். கடைத்தெருத் தையல்காரர் தன் மோட்டார் மெஷினைக் காட்டினார். தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்புக்காரர் பாண்டித்துரை, "இந்த வண்டியே அந்த லோன்தான் தாயி" என்றார்.

பிலோமி இருக்கையைத் தடவினாள். "அப்ப இதுல எங்காசும் கெடக்கு."

"கெடக்கட்டும். அதுக்காக ஓசில ஏத்திட்டுப் போக முடியாது."

வண்டி முழுக்கச் சிரித்தது. அன்று முழுவதும் காயெடுக்கும்போது அவளுக்கு ஒரே யோசனை. ஜீப்புக்குக் கிடைக்குமென்றால் மாவு அரைக்கிற பெரிய கிரைண்டருக்குக் கிடைக்காதா? வேலை முடிந்து களைத்து வரும் லயத்துப் பெண்களில் யாருக்கு மாவாட்டத் தெம்பிருக்கிறது?

நாலு பேர் குழுவாகச் சேர்ந்து வந்தால் பார்க்கலாம் என்றான் சதீஷ். கூடக் காயெடுக்கும் ஆனந்தியும் ஜெஸ்னாவும் உடனே சம்மதித்தார்கள். பக்கத்து வீட்டு மூக்கம்மாள்தான் பிடி கொடுக்கவில்லை.

"யாவாரம் படுத்துப்போச்சுன்னா?"

"நாலு பேரும் சேந்து பாப்போம், மதினி. வேணாம்னா விடுங்க. வேற ஆளக் கேக்கேன்."

வேறு ஆள் என்றதும் மூக்கம்மாள் கையெழுத்துப் போட வந்துவிட்டாள்.

இடத்தைப் பார்க்க வந்த சதீஷ், லயத்து மின்சாரம் கிரைண்டருக்குத் தாங்காது என்று கண்டுபிடித்தான். பிலோமிக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு தையல்காரரிடம் போய்ப் பேசி, அவர் கடையின் பின்னறையை வாடகைக்குப் பிடித்தாள்.

கடன் கிடைத்து கிரைண்டரும் வந்தது. முதல் வாரம் விற்க வைத்த மாவு நிமிடத்தில் தீர்ந்தது. அடுத்த வாரம் அடைமழையில் யாரும் வராமல் பாதி புளித்தது. அதன்பிறகு மழை நாளில் குறைவாக ஊறப்போட்டார்கள்.

முதல் தவணை கட்ட நாலு பேரும் நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனார்கள். மூக்கம்மாள் ஒரு தூக்குச்சட்டி மாவைச் சதீஷின் மேசைமேல் வைத்தாள்.

"ஐயோ, எதுக்குங்க? நான் ரூம்ல ஒத்தை ஆளுங்க. இத்தன மாவை என்ன பண்றதுங்க?"

"சுட்டுத் தின்னு, தம்பி" என்றாள். "தோசை ஒட்டுச்சுன்னா வந்து சொல்லு."