நின்றால் அணையும் வேன்

ஓடும்போது அந்த வேனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மேடு ஏறும், வளைவில் அடங்கித் திரும்பும், ஏ.சி. போட்டாலும் முனகாது. சிவப்பு விளக்கில் நிறுத்தினால்தான் வம்பு. இன்ஜின் முதலில் லேசாகத் தடுமாறும். பிறகு வண்டி முழுக்க நடுங்கும். விளக்கு பச்சையாவதற்குள் அணைந்துவிடும். பின்னால் நிற்பவர்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே மாட்டார்கள்.

வேனை ஓட்டியவள் பெரியவள். சிறுநீரகம் கெட்டவர்களை வீட்டிலிருந்து டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப்போய், முடிந்ததும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவள் வேலை. அவளுடைய தங்கை சின்னவள், மெக்கானிக். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் இன்ஜின் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிறகு சொந்தமாக ஷெட் போட்டவள். சொந்தபந்தத்தில் யார் வண்டி இருமினாலும் அவள் வாசலில்தான் வந்து நிற்கும். அக்காவின் வேன் மட்டும் அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை.

ஸ்பார்க் பிளக் மாற்றினாள். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தாள். காற்றுக் குழாய்களுக்குள் புகையை ஏற்றி எங்காவது கசிகிறதா என்று பார்த்தாள். எங்கும் கசியவில்லை. ஷெட்டில் வேன் சமர்த்துப் பிள்ளையாக நின்றபடி ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் அவளே ஓட்டிப் பார்த்தாலும் ஒன்றும் செய்யாது. அக்கா எடுத்துக்கொண்டு போனால் இரண்டாவது சிக்னலிலேயே போன் வரும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மத்தியானம் அது நடந்தது. சிகிச்சை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்த பெரியவள், ரவுண்டானா முனையில் நின்று, வழி கிடைத்ததும் கிளம்பினாள். கிளம்பிய அடியிலேயே இன்ஜின் அணைந்தது. பின்னால் வந்த லாரி இழுத்துப் பிடித்தும் பம்பரில் ஒரு முட்டு முட்டிவிட்டது. பெரிய அடி யாருக்கும் இல்லை. ஆனால் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவரின் கை முன் சீட்டில் மோதி, ஊசி குத்திய இடத்திலிருந்து ரத்தம் பீறிட்டது. பெரியவள் பின்பக்கம் ஓடிப்போய் அந்த இடத்தைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, ரத்தம் நிற்கும்வரை நடுரோட்டில் நின்ற வேனுக்குள்ளேயே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் வேனை ஷெட்டில் விட்டுவிட்டுச் சாவியைத் தங்கையின் மேஜைமேல் வைத்தாள். நிலையத்தில் வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகவும், இனி இந்த வேலையே வேண்டாம் என்றும் சொன்னாள். அவள் சட்டைக் கையில் ரத்தக்கறை காய்ந்திருந்தது.

"யார் தலையிலயாவது கட்டிடு இதை," என்றாள்.

சின்னவள் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நீ ஓட்டுறதும் ஓட்டாததும் உன் இஷ்டம்க்கா. ஆனா என்ன வியாதின்னு தெரியாம இது என் ஷெட்டை விட்டுப் போகாது."

மறுநாள் வேறு எந்த வண்டியிலும் அவள் கை வைக்கவில்லை. வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, ஸ்டூலைப் போட்டு வேனுக்கு எதிரே உட்கார்ந்தாள். இதுவரை பாகங்களைத்தான் சந்தேகப்பட்டோம், இனிமேல் சந்தர்ப்பத்தைச் சந்தேகப்படுவோம் என்று தோன்றியது. என்னிடம் அணையாத வண்டி அக்காவிடம் ஏன் அணைகிறது? வண்டியும் அதே, ரோடும் அதே. ஓட்டுகிற ஆள்தான் வேறு.

அக்காவுக்குப் போன் போட்டாள். அவள் வரமாட்டேன் என்றாள். நோயாளி யாரும் இல்லை, பக்கத்தில் நான் இருக்கிறேன், ஒரே ஒரு சுற்று என்று கெஞ்சியும் மிரட்டியும் வரவழைக்க அரை நாள் ஆயிற்று.

பெரியவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். சின்னவள் மடியில் ஸ்கேனரை வைத்துக்கொண்டாள். உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ப இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. அளவு போதாமல் போய் அது கூடுதலாக ஊற்றினால், எவ்வளவு கூடுதல் என்று அந்தக் கருவி எண்ணாகக் காட்டும். ஓடும்போது எண் ஒழுங்காகத்தான் இருந்தது. சிக்னல் வந்தது. பெரியவள் நிறுத்தினாள். எண் மளமளவென்று ஏறியது. இன்ஜின் தடுமாற ஆரம்பித்தது. அப்படியென்றால் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே புகுகிறது.

சின்னவள் கருவியிலிருந்து கண்ணை எடுத்து அக்காவின் காலைப் பார்த்தாள்.

"சமதரைதானே. ஏன் இன்னும் பிரேக்கை அழுத்திக்கிட்டே இருக்க?"

"பழக்கம்டி. ஒரு விரக்கடை உருண்டாக்கூட அவங்க கை ஆடிடும். வலி தாங்க மாட்டாங்க. வண்டி நிக்கிற நேரம் முழுக்க நான் காலை எடுக்கவே மாட்டேன்."

"இப்ப எடு."

எடுத்தாள். எண் இறங்கியது. நடுக்கம் நின்றது.

"மிதி."

மிதித்ததும் எண் ஏறியது, வண்டி நடுங்கியது. எடுக்கச் சொன்னாள், அடங்கியது. விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன்கள் அலறின. சின்னவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு மரை கழன்றுவிட்டதோ என்று பெரியவள் பயந்துபோனாள்.

பிரேக் மிதிக்கும் காலுக்குத் துணைபலம் கொடுக்க, இன்ஜினின் உறிஞ்சலில் வேலை செய்யும் தட்டையான இரும்பு டப்பா ஒன்று உண்டு. பூஸ்டர் என்பார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தால், மிதித்திருக்கும் நேரம் மட்டும் அந்தக் கிழிசல் வழியாக வெளிக்காற்று இன்ஜினுக்குள் போகும். ஷெட்டில் ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் சோதிப்பார்கள். ரோட்டில் சின்னவள் வண்டி நின்றதும் காலை எடுத்துவிடுவாள். அக்கா எடுக்கமாட்டாள். அவளுடைய அக்கறைதான் வண்டியின் நோயை வெளியே கொண்டுவந்தது.

இருந்தாலும் ஊகத்தை நம்பிப் பொருள் வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. ஷெட்டுக்குத் திரும்பியதும் சக்கரங்களுக்கு அடியில் கட்டை கொடுத்து, அக்காவைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். வண்டி நடுங்கியபோது பூஸ்டருக்குப் போகும் குழாயைக் கிடுக்கியால் இறுக்கி நெறித்தாள். நடுக்கம் நின்றேபோயிற்று. கிடுக்கியைத் தளர்த்தினாள், திரும்ப வந்தது. திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான்.

புதிய பூஸ்டரை மாட்டி, பிரேக் போதுமான அளவு பிடிக்கிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் அன்றைய பொழுது போயிற்று. மறுநாள் காலை அக்காவும் அத்தானும் வந்து நின்றார்கள். அத்தான் தையற்காரர், பெரியவளின் புருஷன். சின்னவள் இன்ஜினைப் போட்டாள். இப்போது அணையவில்லை. ஆனால் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக, மாடிப்படி ஏறி வந்தவன் மூச்சு வாங்குவதைப்போல இருந்தது.

பெரியவளின் முகம் சுருங்கிப்போயிற்று. "விட்டுடுடி. ராசியில்லாத வண்டி."

சின்னவள் டார்ச்சை எடுத்து, காற்றை விடும் த்ராட்டில் பக்கம் குனிந்தாள். அங்கே ஒரு சின்னத் திருகு. மூடிய நிலையில் த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று தயாரிப்பிலேயே வைத்து, அசையாமல் பெயிண்ட் பொட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பொட்டு உடைந்திருந்தது. திருகின் தலையில் புதுக் கீறல்.

"அத்தான், இதை யாராவது தொட்டாங்களா?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "அவ பாவம், ரோட்டுல நின்னு நின்னு வர்றா. போன வாரம் நான்தான் கொஞ்சம் திருகிவிட்டேன். சத்தம் தெம்பா இருந்தா அணையாதுன்னு ஒருத்தன் சொன்னான்."

பெரியவள் புருஷனைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். சின்னவளுக்குக் கோபம் வரவில்லை. கசிவு வேறு, திருகு வேறு. இரண்டு கோளாறும் சேர்ந்துகொண்டு ஒன்றைப்போல நடித்திருக்கின்றன. கசிவுக்குப் பழகிப்போயிருந்த கம்ப்யூட்டர் இதுவரை திருகின் கோளாறை மறைத்துவைத்திருந்தது. தகடு வேண்டாத அளவு திறந்திருப்பதால், யாரும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே இன்ஜினின் வேகம் கூடுகிறது. கூடியதும் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்துகிறது. இன்ஜின் அணையப்போகிறதென்று பயந்து மறுபடி கொடுக்கிறது.

த்ராட்டிலைக் கழற்றி, ஓரத்தில் படிந்த கரியைத் துடைத்தாள். திருகை முழுக்கத் தளர்த்தி, தகடு குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளாத அளவுக்கு மட்டும் தூக்கிவைத்து, தகட்டின் நிலையைச் சொல்லும் சென்சாரின் மின்அளவும் சரியாக இருக்கிறதென்று மீட்டரில் பார்த்தாள். கம்ப்யூட்டர் பழகிவைத்திருந்த பழைய அளவுகளை ஸ்கேனர் மூலம் அழித்தாள். பிறகு இன்ஜினைப் போட்டு, யாரும் பெடல் பக்கமே போகக்கூடாது என்றாள். அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. சூடேறியது. ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழன்று நின்றது. ஏறி இறங்கிக்கொண்டிருந்த, இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் மெல்ல மெல்ல ஒரே இடத்தில் உட்கார்ந்தது. ஏ.சி. போட்டாள். ஒரு கணம் சாய்ந்து நிமிர்ந்தது.

"இப்ப நீ உட்காரு. உன் வழக்கப்படியே மிதிச்சுக்கிட்டு இரு," என்றாள் அக்காவிடம்.

பெரியவள் மிதித்தாள். கால் கடுக்கும்வரை மிதித்தாள். வண்டி அசையவில்லை, நடுங்கவில்லை. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் பெரியவள் வெறும் வண்டியோடு ஊர் முழுக்க எல்லாச் சிக்னலிலும் நின்று பார்த்துவிட்டுத்தான் நிலையத்துக்குப் போய்ப் பேசினாள். அவர்கள் யோசித்தார்கள். ஹெட்மாஸ்டர்தான், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இவள் வண்டியில்தான் ஏறுவேன் என்று வரவேற்பறையில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாராம். அன்று தன் கையை விடாமல் பிடித்திருந்தது யார் என்று கேட்டாராம்.

மறுபடி கிடைத்த முதல் டிரிப்பில் நோயாளிகள் எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டுப் பெரியவள் போன் செய்தபோது, சின்னவள் வேறொரு காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தாள்.

"நாளைக்கும் எனக்குத்தான் டிரிப் போட்டிருக்காங்க," என்றாள் பெரியவள்.

"சரிக்கா. அத்தான் கிட்ட ஸ்க்ரூடிரைவர் இருந்தா பிடுங்கி வச்சுடு," என்று சொல்லிவிட்டுச் சின்னவள் ஸ்பானரை எட்டி எடுத்தாள்.